மூன்றரை வடை

காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஜெயமங்கலத்துக்கு, நண்பனுக்குப் பெண் பார்க்கப் போனோம். அவன் தேங்காய் வியாபாரி. பெரியகுளம் பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து வேறு இடம் பேசவே விடவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னையும் கூட்டிப் போனான். நான் பக்கத்தில் இருந்தால், அவன் படித்தவனாகத் தெரியலாம் என்று நினைத்திருப்பான்.

அவள் வீட்டிலேயே டியூஷன் எடுப்பவள். கூடத்துக் கரும்பலகையில் ஒரு கணக்கு விடையில்லாமல் நின்றது: 3½ ÷ ½.

எங்கள் முன்னால் நாலு வடை வைத்தார்கள். நண்பன் ஒன்றில் பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு, பலகையைப் பார்த்து, யாரும் கேட்காமலே விடை சொன்னான்:

“ஒண்ணே முக்கா.”

உள்ளே யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

“காய்க் கணக்கெல்லாம் ஆளு வச்சுப் பாக்காகளோ?”

‘யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்’ என்பது அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அது வெளியே வந்தால் அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டியதுதான். நான் தட்டை நண்பன் பக்கம் நகர்த்தினேன்.

“ஏலே மாப்ளே, நீ முழுங்குனது போக மூணரை வடை கெடக்கு. ஆளுக்கு அரை வடைன்னா எத்தன பேரு திங்கலாம்?”

விரலை நீட்டி எண்ணினான். “ஏழு பேரு.” பிறகு பலகையைப் பார்த்தான். அங்கேயும் அதே மூன்றரை, அதே அரை.

காபியோடு வந்த பெண் சொன்னாள்: “பாதியா வகுத்தா ஒண்ணே முக்காதான். அங்கன இருக்கது பாதியால.”

“ஒரு ‘ல’வுல விழுந்துட்டேன். தப்புத்தான்,” என்றான்.

அவள் பலகையில் 2¼ ÷ ¾ என்று எழுதி, சாக்பீஸை நீட்டினாள்.

“கலப்புப் பின்னத்த மொதல்ல மாத்துங்க. பெறகு வகுக்குறத மட்டும் தலகீழாக் கவுத்திப் பெருக்குங்க.”

“ரெண்டையும் கவுத்திராதடா,” என்றேன்.

இரண்டேகாலை 9/4 என்று எழுதினான். முக்காலைக் கவிழ்த்து 4/3 ஆக்கினான். பெருக்கினால் மேலே முப்பத்தாறு, கீழே பன்னிரண்டு. மூன்று என்று எழுதிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் ‘சரி’ போட்டாள். கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

அப்பா அந்தக் குறியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“பூ வைக்க எப்ப வர்றீக?”

ஏழாவது ஆளுக்கான அரை வடை அதற்குள் நண்பன் வாயில் இருந்தது. நான்தான் பதில் சொன்னேன்.

“தட்டு காலியாகட்டும் மாமா.”