வாட்டம் தெரியாத முகம்

ஐம்பத்து நான்காவது வயதில் எனக்கு டைபாய்டு வந்து போனது. போகும்போது கன்னம் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பிறகு தின்றதெல்லாம் இடுப்பில் போய் உட்கார்ந்ததே தவிர, முகத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு, "டீச்சர், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

திருச்சியில் ஒரு டாக்டர் நம் வயிற்றுக் கொழுப்பையே உறிஞ்சி எடுத்து, ஊசியால் முகத்தில் நிரப்புகிறார் என்று மகள் சொன்னாள். என் வீட்டுக்காரர்தான் காரில் கூட்டிப்போனார். யாரிடமும் சொல்லவில்லை. "சொந்தப் பொருள இங்கிட்டுருந்து அங்கிட்டு மாத்தி வைக்கிறதுக்கு ஊரக் கூட்டியா சொல்லணும்?" என்றார். வீக்கம் வடிந்த அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார். அந்த வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமே அவர் போய்விட்டார். காலையில் பொன்னமராவதியில் பாத்திரக் கடையைத் திறக்கப் போனவர், நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸில் பிணமாகத் திரும்பினார்.

அரிமளத்திலிருந்து அவருடைய அக்கா அழுதுகொண்டே வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். என்னைக் கட்டிக்கொண்டு அழ உட்கார்ந்தவர், தாடையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். கன்னம் உப்பி மினுமினுவென்று இருந்தது. அவருடைய ஒப்பாரி பாதியில் நின்றது. கையை எடுத்துக்கொண்டார். "புருசன் செத்துக் கெடக்கான், இவ மொகத்துல ஒரு வாட்டத்தக் காணோமே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அழகு பண்ணிக்கொண்டு வந்து புருஷனை வாரிக் கொடுத்தவள் என்று பேர் வரும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கம் துக்கம் கேட்க வருகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் அழுவார்கள். கருமாதிவரை வந்த அவர் வீட்டுப் பெண்கள் எதிரே தள்ளி உட்கார்ந்து அழுதார்கள். மகளைத் தவிர என்னை யாரும் தொடவில்லை. கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அவர் ஆசையாகப் பார்த்த முகமாயிற்றே என்று நினைத்தால் வெறுக்கவும் முடியவில்லை.

வருஷத் திதிக்கு அண்ணி வந்தார். இலை போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, கிட்ட வந்து இரண்டு கையாலும் கன்னத்தைத் தடவினார். "இப்பத்தான் ஆத்தா, ஒன் மொகத்துல என் தம்பி போனது தெரியுது" என்று என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு கதறினார்.

வைத்த கொழுப்பு முழுக்க நிற்காது, சில மாதங்களில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அண்ணி கண்டது அதைத்தான். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அந்த வீட்டு ஆட்களில் ஒருவராவது என்னைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். அவர் தோளில் விழுந்து, சத்தம் போட்டு அழுதேன்.