ஒயினுக்கு ஒரு பெட்டி

அந்த அம்மாளை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. வீட்டுக்கு ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கப் புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த ஒரே விற்பனையாளரை அவர் அரைமணி நேரமாகப் பிடித்து வைத்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கஞ்சி போட்ட புடவை. ஒவ்வொரு ஃப்ரிட்ஜின் கதவையும் மோதிர விரலால் தட்டுவார். பிறகு உதட்டைப் பிதுக்குவார்.

"இந்தம்மா ஆளை விடமாட்டேங்குது" என்று போனில் மனைவியிடம் சொன்னேன்.

அவர் திரும்பாமலே, "முடிஞ்சதும் விடுறேன். அப்படி என்ன அவசரம்?" என்றார். தமிழ்!

கடைசியில், இருப்பதிலேயே மட்டமான பெட்டியின் முன் போய் நின்றார். நிறமில்லாத வெறும் கண்ணாடிக் கதவு, உறுமும் மோட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதை வாங்காதீங்க. வெளிச்சம் பட்டா ஒயின் கெட்டுடும். அதிர்ந்தாலும் ஆகாது."

முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "பால்கனி வெயில்ல வச்சா?"

"சீக்கிரமே கெட்டுடும். வாயில வைக்க முடியாது."

"பையா, யஹீ தே தோ" என்று, இதையே கொடு என விற்பனையாளரிடம் இந்தியில் சொல்லி அந்தப் பெட்டியையே காட்டினார்.

"ஏங்க, இவ்வளவு சொல்றேன்..."

"குடிக்கிறது எங்க வீட்டுக்காரர். பாட்டிலைக் குளுகுளுன்னு வைக்க ஒரு பொட்டி வேணும்னாரு. கெடாம வைக்கணும்னு சொல்லலியே."

அந்த வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் இப்போதெல்லாம் புனேயில் யார் வீட்டில் ஒயின் ஊற்றிக் கொடுத்தாலும், பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கோப்பையைத் தொடுகிறேன்.