தட்டு மாற்றிய கை

என்னிடம் நாட்காட்டித் தாள் ஒன்று இருக்கிறது. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. பின்பக்கத்தில் பென்சிலால் நான் எழுதியது: “பெரியப்பா கையை நான் திறந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.” அப்போது நான் நான்காம் வகுப்பு. தேதியை நம்பலாம். வாக்கியத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருந்த பெரியப்பாவுக்கு அந்தச் சித்திரையில் பக்கவாதம் வந்தது. கால் தேறியது, பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் மூடியபடியே நின்றுவிட்டது. பொருளைப் பிடிக்கும், விடத் தெரியாது. ஆவணியில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டைச் சம்பந்தி கையில் கொடுக்க வேண்டும். பெரியப்பா பிடித்தால் தட்டு அவரிடமே இருந்துவிடும். அவருடைய தம்பியான என் அப்பா மாற்றலாம் என்றார்கள்.

“என் மவளுக்கு நான்தாம்ல தட்டு மாத்துவேன்” என்றார் பெரியப்பா.

திருநெல்வேலியிலிருந்து வாரந்தோறும் வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், ஆடி மாதம் ஒரு பெட்டி கொண்டுவந்தார். டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் பெரியது. பெரியப்பாவின் முன்கையைப் பஞ்சால் துடைத்து, இரண்டு வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டி, வயரை மாட்டி, சுவிட்சை அமுக்கினார். மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரல்கள் எழுந்து விரிந்தன. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

நரம்பு வழியாகச் சின்ன மின்சாரம் போய்த் தசையை இழுக்கிறது என்று அவர் விளக்கினார். “மெஷினே விரிக்கட்டும்னு சும்மா இருந்துராதீங்க அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் நீங்களும் சேந்து விரிக்கணும்.”

சுவிட்சை அமுக்கும் வேலையை நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அமுக்கினேன். விரல் அசையவில்லை. ஸ்டிக்கர்கள் உரிந்து உரிந்து விழுந்தன. பேட்டரி மாற்றினோம், பெட்டியைத் தட்டினோம். நாலைந்து நாள் இப்படிப் போனதும் பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். “நீயே மாத்திருல” என்றார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த முறை வந்த பிசியோதெரபிஸ்ட், ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டும் பக்கம் முழுக்க மண்.

“இது என்ன மதினி?”

“கோயில் புத்து மண்ணுல்லா” என்றார் பெரியம்மா. “தெனமும் குளிச்சதும் கொழச்சுப் பூசுதேன். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு அதப் பூசாம இருக்க முடியுமா?”

நாங்களும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் எங்கள் ஊரில் நோவு கண்ட இடத்தில் புற்றுமண் இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது.

அவர் சிரிக்கவில்லை. “நல்லாப் பூசுங்க. ஸ்டிக்கருக்கு மட்டும் ரெண்டு வட்டம் எடம் விட்டுருங்க.”

அன்றே கை விரிந்தது. அதன்பின் பெரியம்மா கோலம் போடும் கவனத்தோடு இரண்டு வட்டம் விட்டுப் பூசினார்.

நிச்சயதார்த்தத்தன்று பெரியப்பாவின் முழுக்கைச் சட்டைக்குள் வயர். பெட்டியும் சுவிட்சும் என் மடியில். எதிரே கரிவலம்வந்தநல்லூர்ச் சம்பந்தி. பெரியப்பா என் காதோரம் குனிந்தார். “ஏட்டி, நான் தலைய ஆட்டுனதும் அமுக்கு. நீ முந்திட்டேன்னா தேங்கா சம்பந்தி மடியிலதான்.”

முதலில் அமுக்கினேன், விரல்கள் விரிந்தன. அப்பா தட்டை வைத்தார். சுவிட்சை விட்டேன்; விரல்கள் விளிம்பைப் பற்றிக்கொண்டன. பெரியப்பா தட்டை நீட்ட, சம்பந்தி மறுபக்கம் பிடித்தார். தலை ஆடியது. மறுபடி அமுக்கினேன். கட்டைவிரல் நகர்ந்தது. மற்ற விரல்கள் வழக்கத்தைவிட மிக மெதுவாக, ஒவ்வொன்றாக விட்டன. தட்டு போய்ச் சேர்ந்தது. குலவைச் சத்தம். எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். சம்பந்தி தம் தட்டை நீட்டிக் காத்திருக்க, பெரியப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து சட்டையைக் கழற்றியபோது ஒரு வயர் ஸ்டிக்கரை விட்டுக் கழன்று தொங்கியது. பெட்டியைக் கெடுத்துவிட்டேன் என்று நான் அழுதேன். பெரியப்பா சிரித்தார். கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். என் அழுகை அவருக்கு வேடிக்கையாக இருக்கிறதே என்று எனக்குக் கோபம். கோபம் ஆறியதும் அந்தத் தாளில் எழுதிவைத்தேன்.

சட்டையை இழுத்ததில்தான் வயர் கழன்றது என்கிறார் அப்பா. எல்லாம் புற்றுமண் என்கிறார் பெரியம்மா. பெரியப்பாவைக் கேட்டால் கையை ஒருமுறை விரித்து மூடிக் காட்டுவார், அவ்வளவுதான். தட்டு மாறும்போது அந்த வயர் மாட்டியிருந்ததா என்பது இதுவரை உறுதியாகவில்லை.