நுனியில் ஒரு முடிச்சு

படகின் பெரிய பாயை ஏற்றுவதற்கு முன் வரதன் கயிற்றின் நுனியைக் கட்டைவிரலால் ஒருமுறை வருடிப் பார்ப்பார். பன்னிரண்டு வருஷமாகக் கோட்டைக்குப்பம் ஏரிக்கரையில் இதைப் பார்க்காதவர் கிடையாது. ஏன் என்று, அதே கரையில் வலை போடும் பிரபாகரன் மட்டும் கேட்டதில்லை. கேட்டால் பொய்தான் சொல்வார் என்று நினைத்தான்.

அந்தப் பாய் ராயபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. யாரோ பணக்காரர் விளையாட்டுப் படகில் கட்டிக் கிழித்துப் போட்டது. மெல்லிய துணி, ஆரஞ்சும் நீலமும். காற்று பின்னாலிருந்து அடித்தால் பலூன்போல் உப்பிப் படகை இழுத்துக்கொண்டு ஓடும். கூட்டாளி மீஞ்சூர்க் கம்பெனிக்குப் போய்விட்டான். மகள் சுபஸ்ரீயின் நர்சிங் படிப்புக்கு எஞ்சினும் போய்விட்டது. வரதனுக்கு மிஞ்சிய துணை அந்தப் பாய்தான்.

நண்டுக் கூடையில் அதைத் திணித்து வைத்திருப்பார். சுக்கானைத் தொடையால் அழுத்திக்கொண்டு, சின்னப் பாயின் மறைவில் காற்றுப் படாமல் மேலே ஏற்றுவார். கீழ் முனைகளிலிருந்து இரண்டு கயிறுகள், பின்பக்கத்து இரும்பு வளையங்கள் வழியாக அவர் கைக்கு வரும். இறக்கும்போது ஒரு கயிற்றை வளையத்தைவிட்டு அப்படியே ஓடவிடுவார், மறு முனையை இழுத்துக் கூடைக்குள் வாரிப் போடுவார். மூன்று பேர் வேலையை ஒருவராகவே செய்வார். கரையிலிருந்து பார்த்தால் பாய் இருந்த இடம் சட்டென்று காலியாகிவிடும், படகு எங்கே நிற்கிறது என்று தெரியாது.

பிரபாகரனை உறுத்தியது அந்தச் சட்டென்றுதான். ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை போடலாம் என்பதற்கு ஊரில் முறை உண்டு, பாடு என்பார்கள். அவனுடைய பாடு பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும். அந்த ஒரு நாளை நம்பித்தான் வீடு ஓடியது. மூன்று பாடாக வலை பாதிகூட நிறையவில்லை. மூன்று தடவையும் முதல்நாள் சாயங்காலம் வரதன் அந்தப் பக்கம் போயிருந்தார்.

“ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ பெரிய பாயி?” என்றாள் மனைவி கலைவாணி. “அதுக்குப் பின்னாடி இன்னா பண்றாருனு யாருக்குத் தெரியும்? நீ கையக் கட்டிக்கினு நில்லு.”

அடுத்த பாடு நாளுக்கு முதல்நாள் தெற்குக் காற்று கிளம்பியது. வரதன் டீ குடிக்கப் போயிருந்தார். பிரபாகரன் கயிற்று நுனியில் ஒரு முடிச்சுப் போட்டான். முடிச்சு வளையத்தில் சிக்கும், பாய் லேசில் இறங்காது, இறால் இடத்தில் அவர் தடுமாறுகையில் கையும் களவுமாகப் பிடிக்கலாம். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

வரதன் வந்து நுனிக்காகக் குனிந்தார்.

“மாமா, சுபஸ்ரீ பாஸ் பண்ணிச்சா?” என்று பிரபாகரன் குறுக்கே கேட்டான்.

வரதன் நிமிர்ந்துவிட்டார். “பண்ணாம? மொத கிளாஸு மாப்ள! அது ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாரிகூட இருக்காதாம். ஒனக்குத்தான் மொத ஊசி, உஷாரா இரு.” சிரித்துக்கொண்டே படகைத் தள்ளினார். கட்டைவிரல் நுனிக்குப் போகவே இல்லை.

பிரபாகரன் எஞ்சின் படகில் தள்ளியே தொடர்ந்தான். இறால் இடம் நெருங்கியது. வரதன் நிற்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே காற்று வெறிபிடித்ததுபோல் அடித்தது. அவர் கயிற்றை விட்டார். அது நாலு முழம் ஓடி, முடிச்சு வளையத்தில் சிக்கி நின்றது. உப்பிய பாய் உப்பியபடியே பக்கவாட்டில் இழுக்க, படகு சாய்ந்து கவிழ்ந்தது. மறு கயிறு அவர் கையைச் சுற்றித் தோளைப் பிடுங்கியது.

பிரபாகரன் அவரைத் தூக்கித் தன் படகில் போட்டான். அவர் நல்ல கையில் அந்த நுனி இருந்தது. கட்டைவிரல் முடிச்சின்மேல் நின்றது.

“எவனோ முடிச்சு போட்டு வச்சிருக்கான்,” என்றார். பிறகு, “எனக்கு நல்லா வேணும் மாப்ள. போன மாசம் உன் எடத்துல ஒரு தபா வலை வுட்டேன். ஃபீஸு கட்ற வாரம்.”

“ஒரே தபாவா? மூணு பாடு கொறஞ்சிது மாமா.”

“ஒரே தபா. என் அடுத்த பாட நீ எடுத்துக்கோ. ஊர்ல சொல்லாத.”

தோள் சரியாகவில்லை. வரதன் மீஞ்சூரில் வாட்ச்மேன் ஆனார். தொழிலை விட்டவருக்குப் பாடு கிடையாது. அவருடைய நாள் வேறொருவருக்குப் போனது. அதைத் தனக்குத் தரச் சொல்லிப் பிரபாகரன் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கலாம். கேட்டால் படகு எப்படிக் கவிழ்ந்தது என்ற பேச்சும் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது வரதன் பஸ் நிறுத்தத்தில் தவறாமல் சொல்வார்: “உன் பாடு ஒண்ணு என்கிட்ட நிக்குது மாப்ள. மறக்கல.”

முடிச்சு யாருடையது என்று தெரிந்துதான் சொல்கிறாரா? பிரபாகரன் அந்த முகத்தைப் பார்ப்பான். ஒன்றும் பிடிபடாது. “இருக்கட்டும் மாமா,” என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று திருப்பாலைவனம் போகும் ரோட்டைப் பார்ப்பான்.