காய்ந்த துணி படாத வண்டி

கார் கழுவுவதில் இத்தனை சங்கதி இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், காருக்கு முன்னால் ஷாம்புவைத்தான் வாங்கியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கருநீல வண்டி வந்து நின்ற அன்று, தெருவே கூடி விலையையும் மைலேஜையும் விசாரித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் மலை தெரிந்தது. மலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த மேகம் தெரிந்தது. நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு பைத்தியக்காரியும் தெரிந்தாள். அது நான்தான்.

பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுக்கும் சேர்த்து அதுதான் முதல் கார். என் சம்பளத்தில் வாங்கியது, ஓட்டுவதும் நானே. என் கணவருக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்கிற உத்தேசமும் கிடையாது. "நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து தூங்குறேன்" என்பார். தூங்கட்டும். என் ஆசையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அடி அண்ணாமலையில் நிலமும் மாடுமாக இருக்கிற மனிதர். பௌர்ணமி தவறாமல் மலையைக் காலாலேயே சுற்றுகிறவர். அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மலையை ஒரே ஒரு சுற்று கூட்டிக்கொண்டு வர வேண்டும். வேறெதற்கு நான் கார் வாங்கினேன்!

கேட்டதும் அப்பாவும் சந்தோஷமாகத்தான் சொன்னார். "ஆயுத பூஜை வரட்டும்மா. பூஜை போட்டுட்டு ஏறிக்கிறேன்."

அதுவரை நான் சும்மா இருப்பேனா? போனில் பார்க்காத வீடியோ இல்லை. பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ஊற்றித்தான் முதல் வாரம் கழுவினேன். நுரை என்னவோ பொங்கியது. ஆனால் பெயின்டின் மேல் இருக்கிற மெழுகுப் பூச்சையும் சேர்த்து அது உரித்துவிடும் என்று தெரிந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். உடனே டவுனுக்கு ஓடினேன். கார் சாமான் கடையில் ஷாம்புவிலேயே ஒரு அலமாரி இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்து, இது மெழுகை எடுக்குமா, இதில் காரம் ஜாஸ்தியா கம்மியா என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், கார் கழுவத்தான வாங்குறீங்க? கொழந்தைக்கு இல்லியே?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க, எடுங்க" என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்த பையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! கண்ணில் பட்டாலும் எரியாத மாதிரி சாதுவான ஒரு ஷாம்பு. கம்பளிப்பூச்சி போலச் சுருள் சுருளாக இருந்த ஒரு கையுறை. சக்கரத்துக்கென்று தனி பிரஷ். தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் ஒரு தடித்த துண்டு. அதை நான் என் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கெட் முறையையும் படித்துக்கொண்டேன். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை வண்டியில் ஓட்டியதும் முதலில் வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. காய்ந்த துணி படக் கூடாது. தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைத்தால், அது துணி இல்லை, உப்புத்தாள். கருநீலத்தில் ஒவ்வொரு கீறலும் வெயிலில் பல்லைக் காட்டும். ஆட்டோ ஸ்டாண்டில் டிரைவர்கள் காலையில் துணியை உதறி உதறித் துடைப்பதைப் பார்த்தால் இறங்கிப் போய்ப் பிடுங்கலாமா என்று இருக்கும் எனக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளே அப்பா தன் பழைய மொபெட்டில் வந்து இறங்கிவிட்டார். பூஜையை அவரேதான் போட்டார். வயலில் இருக்கிற பம்ப்செட் மோட்டாருக்கு வருஷா வருஷம் வைப்பதைப் போலவே, மழை வந்தாலும் கரையாமல் இருக்க நல்லெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து, பானெட்டின் நடுவில் விரலால் பெரிய சூலம் ஒன்று போட்டார். பட்டையாக, ஆனந்தமாக. எலுமிச்சம் பழத்தின் மேல் நான்தான் வண்டியை ஏற்றினேன். நாளைக்கு மலையைச் சுற்றிவிடலாம் என்று அப்பா சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் இருந்தேன். வாசலில் சரக் சரக்கென்று ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால், என் கணவர் ஒரு கிண்ணம் நிறைய சீயக்காய்த் தூளைக் கரைத்து வைத்துக்கொண்டு, தேங்காய் நாரால் பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! சுற்றுக்குப் போகிறோமே, வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று நல்ல மனசில்தான் ஆரம்பித்திருக்கிறார்.

"சூலம் போட்ட எண்ணெய்ப் பிசுக்குல்ல, அதான்" என்றார்.

"இது இன்னா உங்க தலையா, சீயக்கா போட்டுத் தேய்க்க!"

ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள் என்பது நினைவிருக்கிறது. "இனிமே இந்த வண்டிமேல யார் கையும் படக்கூடாது, அழுக்குக் கையோட ஒருத்தரும் கிட்ட வராதீங்க" என்று முடித்ததும் நினைவிருக்கிறது. கணவர் நாரைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்ப்பாடு மறந்த பிள்ளை மாதிரி நின்றார். அப்பா வாசற்படியில் காபி டம்ளரோடு நின்றிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாடு கறக்கணும்மா. இன்னொரு நாளு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அடுத்த வாரம் கூப்பிட்டேன். "இப்பதான் எண்ணெ தேச்சிக்கினேன், சீட்டு பாழாப் பூடும்." அதற்கடுத்த தடவை களை எடுக்க ஆள் வருகிறது என்றார். உறவில் ஒரு கல்யாணத்துக்கு நான் காரில் போனால், அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் என் பின்னாலேயே வருகிறார். மண்டபம் வரைக்கும் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது.

வண்டி அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அப்பா பளபளப்புக்கு மயங்குகிற ஆள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, ரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நாலு பேர் பார்த்த பிறகுதான் கொட்டகைக்குத் திருப்புவார். பானெட்டில் அந்தத் தேங்காய் நார்க் கீறல்கள் இருந்தால் எப்படி ஏறுவார்? விடுவேனா நான்!

மறுபடியும் கடைக்கு ஓடினேன். கீறலை மறைக்கும் பாலிஷ் வாங்கி, கை கழன்று போகிற அளவுக்கு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். போயே போய்விட்டது! அதன் பிறகு களிமண் மாதிரி ஒரு கட்டி வாங்கினேன். கழுவிய வண்டியின் மேல் பிளாஸ்டிக் பை மாட்டிய கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பொடி மணல் விரலில் நெருடும். ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து அந்தக் கட்டியை வழுக்கிவிட்டால் அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு தடவினால் கண்ணாடி, வெறும் கண்ணாடி! அதன் மேல் மெழுகு. மெழுகு பூசிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன் பாருங்கள், சேப்பங்கிழங்கு இலையில் விட்ட மாதிரி உருண்டு உருண்டு ஓடியது. தனியாக வாசலில் நின்று கை தட்டினேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரை எடுத்தேன்.

"குடிக்கிற தண்ணில காரு கழுவுற ஒரே ஆளு இந்த ஜில்லாவுல நீதான்" என்றார் கணவர், எட்டத்தில் நின்றபடி. அவர் இப்போதெல்லாம் வண்டிக்குப் பக்கத்தில் வருவதே இல்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. முந்தின நாள் மழையில் வண்டி முழுக்க சேறு. இன்றைக்கு ஜொலிக்க வைத்து நேராக அப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் பார் என்று விடிந்ததும் இறங்கினேன். ஷாம்புவைத் தாராளமாகப் போட்டு, தலை முதல் கால் வரை நுரையால் மூடினேன். அலசுவதற்குக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டேங்க் காலி. மோட்டாரைப் போட்டால் கரண்ட் இல்லை. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம். வீட்டில் இருந்த ஒரே கேன் தண்ணீரும் அடியில் கொஞ்சம்தான். வெயில் வேறு சுள்ளென்று வந்துவிட்டது. என் கண் எதிரிலேயே நுரை காய்ந்து, சேறும் ஷாம்புவும் கலந்து வரி வரியாக இறங்கியது.

அப்போதுதான் அம்மா போன் செய்தாள். "அப்பா மொபெட்டு மெக்கானிக் கிட்ட கெடக்குதும்மா. மாட்டுக்குப் புண்ணாக்கு தீந்துபோச்சு. வர்றப்ப ஒரு மூட்ட போட்டுக்கினு வா."

"இந்த வண்டியிலயா? நான் வரமாட்டேன்" என்றேன்.

"உன் ஷாம்பு காயுற வரைக்கும் மாடு பட்டினி கெடக்குமா?" என்றார் கணவர்.

முன் கண்ணாடியை மட்டும் அந்த மிச்சத் தண்ணீரில் கழுவிக்கொண்டு கிளம்பினேன். பின் சீட்டில் புண்ணாக்கு மூட்டை, அதன் மேல் சாய்ந்து தூங்குகிற கணவர். அப்பாவின் வயலுக்குத் திரும்புகிற மண் பாதையில் டிராக்டர் உழுதுவைத்த சேறு. சொதக் சொதக்கென்று ஜன்னல் வரைக்கும் தெறித்தது. யார் கண்ணிலும் படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அப்பா முழங்கால் வரை சேற்றோடு வரப்பில் ஏறி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சூலம் போட்ட இடத்தில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

"இன்னாம்மா, வண்டிய இந்தக் கதி பண்ணிக்கினு வந்துருக்க!"

"கரண்ட் இல்லப்பா, தண்ணியே இல்ல..."

நான் சொல்லி முடிப்பதற்குள் முன் கதவைத் திறந்தார். அந்தச் சேற்றுக் காலோடு அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"உம், போ."

"எங்கப்பா?"

"மலைய சுத்தணும்னு சொல்லிக்கினே இருந்தியே?"

"இத்தினி நாளா கூப்ட்டேன், ஏறலியே நீ?"

"நல்லாக் கேட்ட போ! மாப்ளைக்கே அந்தத் திட்டு வுழுந்துது. அவரு ஆபீசுக்குப் போற மனுசன். நானு சாணி அள்ற கையோட தொட்டா வுடுவியா? எட்டக்கவே நின்னு பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்." கதவை மாட்டின் முதுகைத் தட்டுவது போல வெளியே கை விட்டுத் தட்டினார். "இன்னிக்குத்தான் கிட்ட வர்ற மாரி இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவசரமாக கியரைப் போட்டேன், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. பின் சீட்டில் இருந்தவர் முழித்துக்கொண்டார்.

மூட்டையை அம்மாவிடம் இறக்கிப் போட்டுவிட்டுச் சுற்றினோம்! மலையை வலது பக்கம் வைத்து, டவுனுக்குள் புகுந்து, கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி கிரிவலப் பாதை. அப்பா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கை காட்டினார். டீக்கடை கண்ட இடமெல்லாம் நிறுத்தச் சொன்னார். "நம்ம பொண்ணுதான் ஓட்டுது" என்று டீ ஆற்றுகிறவரிடம் சொன்னார், அவர் கேட்கவே இல்லை. எனக்கு ஹாரனை அடித்துக்கொண்டே போக வேண்டும் போல இருந்தது. இரண்டு மூன்று தடவை சும்மாவே அடித்தேன்.

அடி அண்ணாமலை வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா நேராக வண்டிக்கு முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். காய்ந்த துண்டு. கழனி மண் ஒட்டிய துண்டு. பானெட்டின் மேல் வைத்து, அழுத்தி, வட்டமாக ஒரு இழுப்பு இழுத்தார். நறநறவென்றது. என் வாய் தானாகத் திறந்தது. கணவர் பின் கதவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார், பட்டாசுத் திரியைப் பற்ற வைத்துவிட்டு நிற்கிறவர் போல.

"அந்தப் பக்கமும் ஒரு தொட தொடச்சிடுப்பா" என்றேன்.

"அடிப்பாவி!" என்றார் கணவர். "அப்ப எனக்கு மட்டும்?"

அப்பா அந்தப் பக்கமும் துடைத்தார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தி.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தேன், பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். அலமாரியில் புது பாலிஷ் பாட்டில் ஒன்று மூடி திறக்காமல் இருக்கிறது. வாராவாரம் இரண்டு பக்கெட் வைத்து, கையுறை போட்டு, கேன் தண்ணீரில் அலசி, முறைப்படிதான் கழுவுகிறேன். பாலிஷை மட்டும் தொடுவதில்லை. தேய்த்து என்ன பிரயோஜனம்? ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏறுவார், இறங்கியதும் துண்டை எடுத்துத் துடைப்பார்.