முகமூடியும் நேர்த்தித் தாடியும்

நமுனுகுலவில் ஒரு தேயிலை பெக்டரியில், தூள் சலிக்கும் பகுதியில் எனக்கு வேலை. அங்கே பறக்கும் தூசியால் விடாத இருமல். துணி கட்டிப் பார்த்தேன், பயனில்லை. பதுளைக்குப் போய், தூசியைத் தடுக்கும் நல்ல மாஸ்க்காக ஒரு பெட்டி வாங்கினேன். ஒரு வாரை உச்சந்தலையிலும் மற்றதைக் கழுத்திலும் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்தி, கடைக்கார நானா காட்டியபடியே தினமும் புதிதாக ஒன்று போட்டேன். முதல் வாரம் நிம்மதி. ஒரு மாதம் போனதும் மாஸ்க்கின் உள்பக்கமெல்லாம் தூள். இருமலும் திரும்பிவிட்டது.

போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று, மீதிப் பெட்டியோடு கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். நானா கோபப்படவில்லை. ஒரு மாஸ்க்கை எடுத்துத் தன் நீண்ட தாடிமேல் மாட்டிக்கொண்டு ஊதினார். தாடி மயிர் ஓரங்களில் அசைந்தது.

"பாருங்க தம்பி, காத்து பக்கத்தால போகுது. தாடி இருந்தா இது முகத்துல ஒட்டாது. எனக்கும் ஒட்டாது, உங்களுக்கும் ஒட்டாது."

"இத விக்கிறப்பவே சொல்றதுக்கு என்ன நானா?"

"அன்னைக்கு நீங்க மழமழன்னு சவரம் பண்ணியில்ல வந்தீங்க!"

உண்மைதான். மாஸ்க் வாங்கிய அதே வாரம் கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு தாடி விட்டிருந்தேன். கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை கத்தி வைக்க முடியாது என்றேன்.

"அப்படி என்ன நேர்த்தி?" என்று கேட்டார்.

இருமல் நிற்பதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.