போர்வை படாத பாதங்கள்

டிப்போவில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். ஆள் என்னவோ ஒட்டடைக் குச்சி மாதிரிதான் இருப்பார். அவர் பிரேக் போடுகிற பக்குவத்துக்கு வந்த பெயர் அது. இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். அவர் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர்கூட ஒரு பக்கம் சாய்ந்ததில்லை. "பஞ்சு அண்ணன் வண்டியில தூங்குற குழந்தைய, இறங்குற இடத்துல தட்டித்தான் எழுப்பணும்" என்று கண்டக்டர்கள் சொல்வார்கள்.

ஐம்பத்தோரு வயதில் குடலில் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்தார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "சுத்தமா இருக்கு" என்றார். மனைவி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் மருந்து சும்மா போகவில்லை. நோயை விரட்டிய கையோடு கால் நரம்புகளையும் பொசுக்கிவிட்டுப் போயிருந்தது. விரல் நுனியில் ஆரம்பித்த எரிச்சல் கணுக்கால்வரை ஏறியது. நின்றால் நெருப்பு, படுத்தால் ஊசி. மெல்லிய போர்வை பட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. டிவி வந்த அட்டைப்பெட்டியை இரண்டாக வெட்டி, கட்டிலின் கால்மாட்டில் கவிழ்த்து, அதற்குள் பாதங்களை வைத்துக்கொண்டு படுத்தார். போர்வை பெட்டிமேல் கிடக்கும். மனைவி கேட்டதற்கு, "காத்தோட்டமா இருக்கும்ல" என்று மழுப்பினார்.

வீடு மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. முதலில் கடைக்குப் போவது நின்றது. பிறகு மொட்டை மாடி. கடைசியில் கட்டில், நாற்காலி, குளியலறை என்று உலகம் முப்பது அடிக்குள் சுருங்கிவிட்டது.

வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தச்சர் மருந்து ஏற்றிக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே நாளில் ஆரம்பித்தவர்கள். தச்சர் பிழைக்கவில்லை. ஒருநாள் மருந்து வாங்கும் வரிசையில் தச்சரின் மனைவி இவரைப் பார்த்து, "நீங்களாவது நல்லா இருக்கீங்களே அண்ணே, அது போதும்" என்றார். அந்த ஒரு சொல் அவர் வாயைத் தைத்துவிட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார். இவர் "மூணு" என்பார். கூட்டிச் சொன்னால் நோய் திரும்பிவிட்டது என்பார்களோ என்ற பயம் வேறு. சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம். இருதலைக்கொள்ளி எறும்புதான்.

ஒரு காலை மனைவி வீடு பெருக்கும்போது தரையில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். சமையலறையிலிருந்து கட்டில்வரை வரிசையாகப் போயிருந்தன.

"ஏங்க, காலைக் காட்டுங்க."

வலது செருப்பைத் துளைத்து ஓர் ஆணி குதிகாலில் இறங்கியிருந்தது. எவ்வளவு நேரமாகவோ, அவருக்குத் தெரியவே இல்லை. மனைவி பிடுங்கியபோதும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தைத் துடைக்க ஈரத்துணியை மெதுவாக வைத்ததுதான் தாமதம், தெரு கேட்க அலறினார். ஆணி வலிக்காத காலில் துணி வலித்தது. மனைவி அந்த அட்டைப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த முறை மனைவியும் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார்.

"வலி எத்தனை?"

"மூணு, டாக்டர்."

"பொய் சொல்றார் டாக்டர். மனுஷன் காலைப் பெட்டிக்குள்ள வெச்சுத் தூங்குறார்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். வேறு மாத்திரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். தலை சுற்றியதுதான் மிச்சம். பிறகு காந்த சிகிச்சை என்றார்.

"எரியிறது கால்ல. அது வலியா தெரியிறது மூளையில. வெளியில இருந்தே காந்தத்தால மூளையில ஒரு இடத்தத் தூண்டி விடுவோம். கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது. ஆனா ஒண்ணு, எல்லாருக்கும் கேக்காது. கேட்டாலும் மொத்தமா போகாது."

வழியில் அவர் மனைவியிடம் முனகினார். "கால் வலிக்கு மண்டையில வைத்தியமாம். டயர் பஞ்சருக்கு ஹாரனைக் கழட்டின கதையா இருக்கு."

"ஹாரனையாவது கழட்டட்டும். நீங்க வாயைத் திறக்க மாட்டேங்கறீங்களே."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. பல் டாக்டர் வீட்டு நாற்காலி மாதிரி ஒன்று. இயந்திரத்தை இயக்கும் பெண், தலைக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடிகாரம், பெல்ட், சாவி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். காதில் பஞ்சு அடைத்தாள். எட்டு வடிவக் கருவி ஒன்றை உச்சிக்குப் பக்கத்தில் வைத்து, 'டக்' என்று ஒரு தட்டு. அவருடைய கைக் கட்டைவிரல் துள்ளியது.

"நான் அசைக்கலம்மா!"

"தெரியும் சார். நான்தான் அசைச்சேன். சரியான இடம் கெடைச்சிருச்சு."

தன் இருக்கையில் வேறு யாரோ ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பியது போல அவருக்கு இருந்தது.

பிறகு இருபது நிமிடம் தலையை அசைக்கக் கூடாது. மரங்கொத்தி மாதிரி விடாமல் கொத்தும், நிற்கும், மறுபடி கொத்தும். பாதி முகம் துடிக்கும். வீட்டிலாவது எரிச்சல் ஏறினால் காலைத் தரையில் தேய்ப்பார், நடப்பார். இங்கே அதற்கும் வழியில்லை. வலியும் அவரும் ஒரே நாற்காலியில். இரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். முதல் நான்கு நாளில் ஒரு மாற்றமும் இல்லை.

ஐந்தாம் நாள் பாதியில் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நிறுத்தும்மா! போதும்!"

அவள் நிறுத்தினாள். அவர் மூச்சு வாங்கினார். தச்சரைப் பற்றியும், தச்சர் மனைவி சொன்னதைப் பற்றியும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "அவன் செத்துட்டான். நான் கால் எரியுதுன்னு வந்து உக்காந்திருக்கேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவள் கையிலிருந்த தாளைப் புரட்டினாள். "எனக்கு அதெல்லாம் தெரியல சார். எனக்கு நம்பர்தான் வேணும். இன்னைக்கு எத்தனை?"

"ஒம்போது."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் தானாகவே தலையைச் சாய்த்தார்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை பகலில் கட்டிலில் படுத்திருந்தார். துவைத்து மடித்த துணிகளை மனைவி நினைவில்லாமல் அவர் பாதத்தின் மேலேயே வைத்துவிட்டார்.

"ஐயோ!" என்று அலறியது மனைவிதான்.

"இரு, எடுக்காத" என்றார் அவர். வலி வருமென்று காத்திருந்தார். வந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிற மாதிரி, தள்ளி நின்று கேட்டது. "அஞ்சு இருக்கும்" என்றார். மனைவி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசித் துண்டை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

மூன்று வாரம் தாங்கியது. பிறகு ஆறு, ஏழு என்று ஏறியது. மறுபடி ஐந்து நாள் அந்த நாற்காலி. இனி மாதாமாதம் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. எரிச்சலிலிருந்து விடுதலை இல்லை, பரோல்தான்.

"வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலைப் பிடித்தார். "இப்ப மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல."

கீழே இருந்தது. மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் தப்பு. காந்தம் எரிச்சலைத்தான் குறைத்தது, மரத்துப்போனதைத் திருப்பித் தரவில்லை.

டிப்போவில் கட்டுப்பாட்டு அறை வேலை தருவதாகச் சொன்னார்கள். நாலு திரை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. போய்ப் பார்த்தார். இன்னொரு ஜன்னலில்லாத அறை. ஒரு வாரம் இழுத்தடித்தார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு, கனரக வாகன உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனார்.

குமாஸ்தா அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே சார். வெச்சுக்குங்க. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கேக்க மாட்டாங்க. அதான் கொண்டாந்தேன்."

குமாஸ்தா நீட்டிய படிவத்தில் அவர் கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது.

வெளியே நிறுத்தத்தில் அவர்கள் போக வேண்டிய பேருந்து நின்றுகொண்டிருந்தது. மனைவி வேகமாக நடந்தார். அவர் நடைபாதைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வலி ஏழு ஆயிருச்சு. கொஞ்ச நேரம் உக்காரணும்."

மனைவி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பேருந்து கிளம்பிப் போனது. அடுத்தது வர நாற்பது நிமிடம் ஆகும்.